நாலாவது தப்பு

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நான் பழைய பாட்டுப் போடுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் சமுதாய வானொலியில், எட்டிலிருந்து ஒன்பது வரை. சம்பளம் கிடையாது. ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் தருவதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் லீவு என்பது பேச்சு முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பகலில் நான் அடுத்தவர்களின் வருமான வரிக் கணக்கு எழுதுகிறவன். அந்த நிலையத்துக்கும் ஏதோ ஒரு கணக்கு விஷயமாகத்தான் போனேன். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்தபோது, "சார், நம்ம பழைய பாட்டு நிகழ்ச்சியை நீங்க எடுத்துச் செய்யுங்களேன்" என்றார் பொறுப்பாளர். என் குரலில் மயங்கிவிட்டார் என்று வீட்டில் வந்து சொன்னேன். ஒரு மாதம் அந்த நினைப்பிலேயே இருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, அந்தக் கட்டடத்துக்குள் வந்து போகிறவர்களில் ஐம்பதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான்.

சமுதாய வானொலிக்கு அரசாங்கம் அளந்து கொடுத்திருக்கும் சக்தி சுமார் 100 வாட். அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்று நினைத்தால் எவ்வளவு தூரம் போகுமோ, அதைவிடக் கொஞ்சம் கூடப் போவேன். மேற்கே திருநெல்வேலி டவுனைத் தாண்டினால் இருமல். கிழக்கே செய்துங்கநல்லூர் போனால் வெறும் கரகரப்பு. அந்தக் கரகரப்பின் விளிம்பில் ஒரு நேயர் இருக்கிறார். ரேடியோவின் ஏரியலைத் துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் கட்டிவைத்துக் கேட்கிறார். கம்பியில் ஈரத்துணி கிடந்தால் இன்னும் தெளிவாகக் கேட்கிறதாம். இதற்கு விஞ்ஞானத்தில் இடம் உண்டா என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை துணியைச் சாயங்காலம்தான் துவைக்கிறார்கள். அந்த அம்மாள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதையும் நான் விசாரிக்கவில்லை.

முதல் வாரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மாணவன், இந்தப் பக்கம் நான், நடுவில் சிவப்பு விளக்கு. 'பராசக்தி' படத்துக் காக்கைப் பாட்டைப் போட்டுவிட்டு, "சிவாஜிக்காக டி.எம்.சௌந்தரராஜன் பாடிய..." என்று கணீரென்று சொன்னேன். எட்டு ஏழுக்கு டெலிபோன் அடித்தது. பாராட்டு என்று நினைத்து எடுத்தேன்.

"தம்பி புதுசா?"

"ஆமா அண்ணாச்சி."

"தெரியுது. பராசக்தி வந்தது 52. டி.எம்.எஸ். சிவாஜிக்குப் பாட வந்தது 54, தூக்குத் தூக்கிக்கு. காக்கா பாட்டுப் பாடுனது சிதம்பரம் ஜெயராமன்லா! பொறக்காத பிள்ளைக்குப் பேரு வைக்கீரே?"

வைத்துவிட்டார். அன்றிலிருந்து வாராவாரம் எட்டு ஏழுக்கு அவர் அழைப்பு வரும். பெயர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. டெலிபோன் பழைய லேண்ட்லைன், யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாது. நானாக அவருக்குப் பேட்டை அண்ணாச்சி என்று வைத்துக்கொண்டேன். அவர் குரலுக்குப் பின்னால் ஒருநாள் "பேட்டை, பேட்டை" என்று மினிபஸ்காரன் கத்தியதுதான் ஆதாரம்.

அண்ணாச்சி மாதிரி ஆட்களின் தலைமுறையிடம் நான் மாட்டிக்கொண்டதற்குக் காரணமானவர் பி.வி.கேஸ்கர். 1952இல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த அவர், ஆகாசவாணியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்த, ஜனங்கள் ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதி வந்தும் எங்கள் தெற்கத்தி முள் திரும்பவில்லை. கடலைத் தாண்டி அடுத்த தெருவிலிருந்து பேசுவதுபோல் இலங்கை வானொலி கேட்கும் ஊரில் அது எதற்குத் திரும்ப வேண்டும்? மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று அந்த வானொலியின் அறிவிப்பாளர்களைக் கேட்டே காதைத் தீட்டி வைத்திருக்கிற ஆட்கள் இவர்கள். படம், வருஷம், இசை, பாடியவர், எழுதியவர் எல்லாம் அப்போதே நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தவர்கள். இவர்கள் முன்னால் நான் மைக்கைப் பிடிப்பது, திருவையாற்றில் போய் மூக்கால் பாடுவது மாதிரி. "கே.எஸ்.ராஜா மாதிரி கொஞ்சம் சுறுசுறுப்பாப் பேசுங்க" என்று ஒருவர் சொன்னார். முயன்றேன். அவர் ஒரே மூச்சில் சொல்வதற்கு எனக்கு மூன்று மூச்சும் ஒரு சொம்புத் தண்ணீரும் தேவைப்பட்டன. மறுவாரம் அதே ஆள், "வேண்டாம், பழையபடியே இருங்க" என்றார்.

என்னுடைய ஆயுதமெல்லாம் நிலையத்துக் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டுக் கோப்புகள். யார் யாரோ, எப்போது எப்போதோ கேசட்டிலிருந்தும் குறுந்தகட்டிலிருந்தும் ஏற்றியவை. பெயர்களைப் படித்தால் தலை சுற்றும்: 'டி.எம்.எஸ். சோகம் 14 புதுசு', 'சுசீலா நல்லது', 'சுசீலா நல்லது ஒரிஜினல்', 'இது வேண்டாம்'. இந்த 'இது வேண்டாம்'தான் உள்ளதிலேயே துல்லியமான பதிவு. ஒரு கோப்பில் கடைசிச் சரணத்தில் சேவல் கூவுகிறது. எந்த வீட்டுச் சேவலோ, சரியாகத் தாளத்தில் கூவுகிறது.

அந்தக் காலத்தில் ஒரே பல்லவியைச் சந்தோஷமாக ஒருமுறை, சோகமாக ஒருமுறை என்று இரண்டாகப் பாட வைப்பார்கள். முதல் பாதியில் தோட்டத்தில் ஓடிக்கொண்டு, இரண்டாம் பாதியில் கட்டிலில் இருமிக்கொண்டு. இரண்டையும் ஒரே பெயரில் ஏற்றி வைத்திருந்த புண்ணியவானை நான் இன்னும் தேடுகிறேன். ஒரு தம்பதியின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு வாழ்த்துச் சொல்லி, தடபுடலாக அறிவித்துவிட்டு, பித்தானை அழுத்தினேன். ஷெனாய் ஆரம்பித்தது. ஷெனாய் ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று தமிழ் சினிமா பார்த்த யாருக்கும் தெரியும். மூன்று நிமிஷமும் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் அந்த ஆச்சியே கூப்பிட்டார்.

"மன்னிச்சுக்கோங்க ஆச்சி, பாட்டு மாறிப்போச்சு."

"இருக்கட்டும்யா. அவுகளுக்குத்தான் காது கேக்காதே. நம்ம பேரு ரேடியோவுல வந்துச்சுன்னு சொன்னேன், சிரிச்சுக்கிட்டே தலையாட்டிட்டு இருக்காக."

சரணத் தகராறு தனி. அப்போதைய இசைத்தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் மூன்றேகால், மூன்றரை நிமிஷம்தான் தாங்கும். படத்தில் மூன்று சரணம் இருந்தாலும், தட்டுக்கு இரண்டுதான் போகும். ஆகவே கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு, பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு கணக்கு. தட்டிலிருந்து போட்டால், "மூணாவது சரணத்தை முழுங்கிட்டீங்களே" என்று ஒருவர் கேட்பார். படத்திலிருந்து எடுத்துப் போட்டால், "இது எங்கேருந்து வந்துச்சு? நீங்களா எழுதுனீங்களா?" என்று இன்னொருவர். அந்தச் சரணங்களில் பாதி கண்ணதாசனுடையவை. நான் எழுதியதாக ஒருவர் சந்தேகப்பட்டது எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். மறுக்கவில்லை.

பாடுகிற சந்தோஷமும் ஒரு தடவை கிடைத்தது. பாட்டு ஓடும்போது மைக்கின் பித்தானைக் கீழே இறக்க வேண்டும். அன்றைக்கு டி.எம்.எஸ். உருகிக்கொண்டிருந்தார், நானும் உருகியதில் இறக்க மறந்துவிட்டேன். அனுபல்லவியிலிருந்து நானும் சேர்ந்துகொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாணவன் கையைக் காலை ஆட்டினான். பாராட்டுகிறான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மேல் ஸ்தாயிக்குப் போனேன். முடித்ததும் டெலிபோன்.

"வே, அந்தப் பாட்டை நான் அறுபது வருசமாக் கேக்கேன். டி.எம்.எஸ். தனியாப் பாடுனது. கூட ஒருத்தன் பின்னாலயே வாரானே, யாருவே அது? கடன்காரனா?"

கதை சொன்னாலும் எடுபடாது. 1962இல் வந்த 'சுமைதாங்கி' பாட்டைப் போடும்போதெல்லாம் எனக்குக் கவிஞர் வாலி கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. வாய்ப்புக் கிடைக்காமல் மூட்டை கட்டி ஊருக்குத் திரும்ப இருந்தவர், பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிக்காட்டிய இந்தக் கண்ணதாசன் பாட்டைக் கேட்டுச் சென்னையிலேயே தங்கிவிட்டார். நாலாவது தடவை சொல்ல ஆரம்பித்தபோது ஓர் அம்மாள் கூப்பிட்டு, "சார், அவரு ரயில் ஏறலை. எங்களுக்குத் தெரியும். பாட்டைப் போடுங்க" என்றார்.

எல்லோரும் குற்றம் கண்டுபிடிக்கிறவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வாராவாரம் 'பாசமலர்' தாலாட்டைக் கேட்கிற ஓர் ஆச்சி உண்டு. 1961இல் வந்த படம்; அந்தக் காலத்தில் ஊரையே அழ வைத்தது. ஆச்சிக்கும் அதில் ஏதோ அண்ணன் தங்கை நினைவு இருக்கும், தொண்டை அடைக்கிற கதையாக இருக்கும், ஒலிபரப்பலாம் என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லைய்யா. நீ அந்தப் பாட்டுப் போட்டாத்தான் நான் மாத்திரை போடணும்" என்றார். டாக்டர் எட்டே முக்காலுக்குச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். ஆச்சிக்குக் கடிகார முள் தெரியாது, பாட்டுத் தெரியும். ஒருமுறை நான் ஒரு மாறுதலுக்காக அதை எட்டு ஐந்துக்கே போட்டுத் தொலைத்தேன். ஆச்சி சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரையைப் போட்டு, ஒரே கிறுகிறுப்பு. மறுநாள் மருமகள் நிலையத்துக்கு நேரிலேயே வந்துவிட்டார். அதிலிருந்து எது மாறினாலும் எட்டே முக்காலுக்கு 'பாசமலர்' மாறாது. விசுவநாதன்-ராமமூர்த்தி இதற்காகப் போட்ட மெட்டு இல்லைதான், என்றாலும் வேளை தவறாமல் வேலை செய்கிறது.

போன மாசி மாதம் ஒரு ஞாயிறு எட்டு ஏழுக்கு டெலிபோன் அடிக்கவில்லை.

தப்பே இல்லாமல் செய்துவிட்டேன் என்று முதலில் பூரித்துப்போனேன். இரண்டாவது வாரமும் அடிக்கவில்லை. மூன்றாவது வாரம் எட்டு ஏழிலிருந்து பத்து வரை நான் பாட்டைக் கவனிக்கவே இல்லை, டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதை நெருங்கிய குரல் அது. விசாரிக்கலாம் என்றால் பெயர் இல்லை, நம்பர் இல்லை. பேட்டையில் போய் நின்று, "இங்கே தப்புக் கண்டுபிடிக்கிற அண்ணாச்சி யாரு?" என்று கேட்டால் தெருவுக்கு நாலு பேர் வருவார்கள்.

நாலாவது வாரம் ஒரு முடிவோடு போனேன். மீன் வரவில்லை என்றால் புழுவை மாட்டித்தானே ஆக வேண்டும்.

எட்டு ஐந்துக்கு, "1966இல் வெளிவந்த சர்வர் சுந்தரம்" என்றேன். ரெக்கார்டிங் தியேட்டரில் எம்.எஸ்.வி.யும் டி.எம்.எஸ்.ஸுமே தோன்றுகிற அந்தப் பாட்டு 1964 என்று குழந்தைக்கும் தெரியும். கம்பிக் கொடிக்காரர் கூப்பிட்டு, "சார், அறுபத்தினாலுலா? இல்ல, இன்னிக்குத் துணி காஞ்சதனால எனக்குத் தப்பாக் கேட்டுச்சா?" என்றார். அண்ணாச்சி இல்லை. எட்டு இருபதுக்கு, " 'கல்யாண பரிசு', இசை கே.வி.மகாதேவன்" என்றேன். உண்மையில் அதற்கு இசையமைத்த ஏ.எம்.ராஜா என்னை மன்னிக்கட்டும். ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். அவர் இல்லை. எட்டரைக்கு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு, கட்டபொம்மன் படத்து வெண்ணிலாப் பாட்டைப் பாடியது ஏ.எம்.ராஜா என்றேன். பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடியதை ராஜாவுக்குக் கொடுப்பது எங்கள் நேயர்களிடையே கொலைக்குற்றத்துக்குச் சமம். ராஜாவிடமிருந்து ஓர் இசையைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பாட்டைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்ததாக நான் நினைத்துக்கொண்டேன், கணக்கெழுதுகிறவன் புத்தி. ஆச்சியின் மருமகள் கூப்பிட்டார். "அத்தை மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டு உங்களை வையிறாங்க. உடம்புக்கு எதுவும் முடியலையா சார்?"

எட்டு ஐம்பத்தைந்துக்கு டெலிபோன் அடித்தது.

"என்னவே தம்பி."

"அண்ணாச்சி! எங்கே போயிட்டீங்க?"

"மக வீட்டுல. மெட்ராஸ்ல. கண்ணுல புரை எடுத்தாங்க. அங்கன உம்ம ஸ்டேசன் எடுக்காதுலா. இன்னிக்குச் சாயங்காலந்தான் வந்தேன்." கொஞ்சம் இருமினார். "நாலு தப்பு விட்டீரு."

"மூணு அண்ணாச்சி" என்றேன் அவசரமாக. "மூணும் உங்களைக் கூப்பிட வைக்க வேணும்னே விட்டது."

"அது தெரியும்வே. தப்பை வேணும்னு சொல்லும்போது நீரு ரொம்பத் தெளிவாச் சொல்லுதீரு. நாலாவது அப்படி இல்ல. அது உம்ம சொந்தத் தப்பு."

"எது அண்ணாச்சி?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்லுதேன். சொட்டு மருந்து விட நேரமாச்சு."

நிகழ்ச்சியின் பதிவை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று தடவை போட்டுக் கேட்டேன். இரண்டு அகப்பட்டன. அண்ணாச்சி காதிலிருந்தும் ஒன்று தப்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஒன்றைச் சொல்லுவார். மற்றதைப் பற்றி நான் வாயைத் திறப்பதாக இல்லை.