விடுதிப் பிரவேசம்

புதுமனை புகுவோர் பால் காய்ச்சுவது சம்பிரதாயம். பல்கலைக்கழக விடுதி புகும் மாணவனுக்கோ, பகடிவதை செய்யேன் என்று அவனும், என் மகன் செய்யான் என்று தகப்பனாரும் தனித்தனியே பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுப்பதே கிரகப்பிரவேசம். பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வகுத்த இவ்விதி நியாயமானதே. ஊருக்குத் திரும்பும் பேருந்தை எண்ணிக் கையொப்பமிடும் தந்தைமார் அதைப் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

பெட்டி, வாளி, பூட்டு, தாயார் பொட்டலங்கட்டித் தந்த பருப்புப்பொடி ஆகியவை அறைக்குள் பிரவேசிக்கையில், சன்னலோரக் கட்டிலை முன்பே சுவாதீனப்படுத்திக்கொண்ட சகவாசி, வந்தவனை விடுத்துப் பொடியையே வாத்ஸல்யத்துடன் நோக்குகிறான். இரவுக்குள் அது பொதுச்சொத்தாகிவிடும்.

மாதச் செலவைத் தலைக்கணக்கில் வகுக்கும் 'டிவைடிங்' முறை நடக்கும் உணவுக்கூடத்தில், இரண்டு இட்டிலியோடு எழுந்த நோஞ்சானும் பன்னிரண்டுக்குப் பின்னும் இலையை விட்டு எழாத மல்லனும் ஒரே தொகை செலுத்துவதால், அரசியல் விஞ்ஞான ஆசிரியர் ஆண்டு முழுதும் விளக்கியும் விளங்காத சமதர்மம் முதல் மாத மெஸ் பில்லிலேயே விளங்கிவிடுகிறது.

வளாகத்துக்கு வெளியே உள்ள விடுதிகளை நாடுவோர்க்கும் அரசாங்கம் கருணை காட்டாமலில்லை: மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில் இடைவிடாது 90 நாட்களேனும் தங்கினால் சரக்கு, சேவை வரி இல்லை என 2024இல் விலக்களித்தது. அந்தத் தொண்ணூறு நாளும் அவ்விடத்துச் சாம்பாரைச் சகிப்பதற்கான மனோதிடத்தை மட்டும் மாணவனே சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.