கொடிமரத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

இந்த வாரத் தபால் மூட்டையில் பாதிக்கு மேல் திண்டுக்கல்–பழநி ரோட்டிலிருந்து வந்திருக்கிறது. யாரோ ரெட்டியார்சத்திரம் டீக்கடையில் மத விவாதத்தைப் பற்றவைத்துவிட்டு, தீர்ப்புக்கு என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்கள். தீர்ப்பு சொல்லமாட்டேன். பதில் சொல்கிறேன்.

பாதயாத்திரை பக்தர், ரெட்டியார்சத்திரம்
*இந்து மதத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.*

அவர்களுக்கு ஒரே பிறவி. பரீட்சையை இப்போதே எழுதியாக வேண்டும். நமக்கு அரியர்ஸ் உண்டு. ஆனால் மறுபிறவி கிடைக்கும் என்று இங்கே யாரும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. 'இனி ஒரு பிறவி வேண்டாம்' என்று கெஞ்சுவதுதான் நம் பக்தி இலக்கியத்தின் பெரும்பகுதி.

கறவை மாடு வளர்ப்பவர், கன்னிவாடி
*மாடு நல்லபடியாகக் கன்று போட்டால் கோபிநாத சுவாமி மலைக்குப் பால் கொண்டுபோகிறோம். கிறிஸ்தவர்கள் யாரிடம் போவார்கள்?*

வனத்து அந்தோணியாரிடம். எகிப்துப் பாலைவனத்தில் தவம் கிடந்த துறவி. திருநாள் ஜனவரி 17. மாட்டுப் பொங்கல் கோலம் அழியும் முன்பே வந்துவிடும். ஐரோப்பாவில் அவர் காலடியில் பன்றியை வரைவார்கள். நம் ஊருக்கு வந்ததும் அவர் மாட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. கொசவபட்டிக்குப் போய்ப் பாருங்கள், அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு ஜல்லிக்கட்டே நடக்கும். வாடிவாசலில் நிற்கும் காளைக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

வித்தியாசம் ஒன்று உண்டு. கோபிநாதர் தெய்வமே, வரம் தருபவர் அவர்தான். அந்தோணியார் தெய்வமல்ல, கடவுளிடம் நமக்காகப் பரிந்து பேசுபவர். பங்குச் சாமியார் இதைச் சரியாகச் சொல்லிக்கொடுத்திருப்பார். மாட்டுக்குக் கழிச்சல் கண்ட ராத்திரியில் அது யாருக்கு ஞாபகம் இருக்கும் என்பது வேறு விஷயம். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளில் கேட்டால், 'இடையில் ஆளே வேண்டாம், நேரே ஆண்டவரிடம் பேசு' என்பார்கள். மூன்று தரப்புமே காலையில் கால்நடை மருந்தகத்து வரிசையில் நிற்பதையும் பார்க்கலாம்.

பிரியாணிப் பிரியர், சின்னாளபட்டி
*முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவில் ஆடும் கோழியும் நேர்ந்துவிட்டு விடிய விடிய கறிச்சோறு போடுகிறார்களே, அதுவும் நம் கிடாவெட்டுதானே?*

இலையில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றுதான். கிறிஸ்தவக் கொள்கைப்படி, சிலுவையில் இயேசு தந்ததே கடைசிப் பலி. அதற்குப் பிறகு பலிபீடத்தில் ரத்தத்துக்கு இடமில்லை. எனவே முத்தழகுபட்டி ஆடு காணிக்கை. நேரே அடுப்படிக்குப் போய், எந்த மதத்தவர் வந்தாலும் அவர் இலைக்கு வருகிறது. கருப்பசாமி கோயில் கிடா சாமிக்குப் போய்விட்டு அடுப்படிக்கு வருகிறது. இந்த இறையியல் நுட்பத்தை ஆட்டுக்கு மட்டும் யாரும் விளக்கியதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழநி மலையில் பாலும் பஞ்சாமிர்தமும், காவல் தெய்வத்துக்குக் கிடா. 'இந்துக்கள் என்ன செய்வார்கள்' என்று பொதுவாகக் கேட்டால், எந்தச் சாமிக்கு என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

கல்லூரி மாணவி, திண்டுக்கல்
*என் தோழி வருடத்தில் ஒரு நாள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வருகிறாள். நம் திருநீறைக் காப்பியடித்துவிட்டார்களா?*

இல்லை. அது சாம்பல் புதன். தவக்காலத்தின் முதல் நாள். போன வருடக் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலையை எரித்து எடுத்த சாம்பல். நம்முடையது பசுஞ்சாணத்தில் எடுத்தது. அவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள், நமக்குத் தினமும். 'நீயும் ஒரு நாள் இப்படித்தான் ஆகப்போகிறாய்' என்பது இரண்டுக்கும் பொது. காப்பியடிக்க அவசியமே இல்லை. சுடுகாடு எல்லா ஊரிலும் இருக்கிறது.

ஆனால் வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடப்பது, மொட்டை போடுவது, வெள்ளியில் கண்ணும் காலும் செய்து காணிக்கை போடுவது, கொடியேற்றம், தேர், சப்பரம் இதெல்லாம் ரோமாபுரிச் சரக்கு மட்டும் அல்ல. பெரும்பாலும் நம் மண்ணில் விளைந்தவை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவியில் நடந்துபோகும் கூட்டத்தையும், தைப்பூசத்துக்கு உங்கள் ஊர் வழியாகப் போகும் கூட்டத்தையும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பாட்டு காதில் விழும்வரை பொறுக்க வேண்டும்.

கோபக்காரர், ஒட்டன்சத்திரம்
*பழநியில் இந்து அல்லாதவர் கொடிமரம் தாண்டக்கூடாது என்று போர்டு. சர்ச்சிலோ யார் வேண்டுமானாலும் நுழையலாம். நாம்தான் குறுகிய மனம் படைத்தவர்களா?*

போர்டு விஷயம் உண்மை. 2024 ஜனவரி 30 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அப்படிப் பலகை வைக்கச் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே ஒரு வழியும் இருக்கிறது. முருகன்மேல் நம்பிக்கை உண்டு, கோயில் வழக்கத்தை மதிப்பேன் என்று எழுதிக்கொடுத்தால் மற்ற மதத்தவரும் உள்ளே போகலாம். அதற்கு ஒரு பதிவேடு வைக்க வேண்டும்.

இப்போது சர்ச்சுக்கு வாருங்கள். வாசல் திறந்திருக்கிறது, பெஞ்சில் உட்காரலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம். பூசையில் நற்கருணை கொடுக்கும்போது வரிசையில் போய் நின்று பாருங்கள். ஞானஸ்நானம் பெறாதவருக்குக் கத்தோலிக்கத்தில் நற்கருணை கிடையாது. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகூடப் பாடம் படித்து 'முதல் நன்மை' எடுத்த பிறகுதான் வாங்க முடியும். பெரும்பாவம் செய்தவர் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். நாமோ பஞ்சாமிர்தத்தை டப்பாவில் அடைத்து யார் கேட்டாலும் கொடுக்கிறோம். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது.

யார் மனம் பெரியது என்று இதில் அளக்க முடியாது. பலர் செய்யும் தவறு, மலைமேல் இருக்கும் மூலவரையும் சர்ச்சில் இருக்கும் சிலையையும் ஜோடி சேர்ப்பது. அவை ஜோடியே அல்ல. புனிதரின் சிலை நினைவூட்டுவதற்காக. 787-இல் நைசியாவில் கூடிய திருச்சபைச் சங்கம் அதற்கு மரியாதை செய்யலாம், ஆராதனை கூடாது என்று பிரித்துச் சொல்லிவிட்டது. பழநி மூலவர் அப்படியா? குடமுழுக்கு செய்து ஆவாகனம் பண்ணியபின் சாமி அங்கேயே இருக்கிறார் என்பது நம் நம்பிக்கை. எழுப்புகிறோம், குளிப்பாட்டுகிறோம், பள்ளியறைக்கு அனுப்புகிறோம். கத்தோலிக்கருக்கு 'ஆண்டவர் இங்கேயே இருக்கிறார்' என்கிற இடம் அந்த நற்கருணை அப்பம். அதைப் பேழையில் வைத்துப் பூட்டி, பக்கத்தில் அணையா விளக்கு வைத்திருப்பார்கள். சாமி எங்கே நேரில் இருக்கிறாரோ அதைச் சுற்றித்தான் இரண்டு பேரும் வேலி போடுகிறார்கள். நம்முடையது வாசல் பக்கமாக இருப்பதால் கண்ணில் படுகிறது. அவர்களுடையது பீடத்தருகே இருப்பதால், உள்ளே போய் வரிசையில் நின்றவருக்கு மட்டும் தெரிகிறது.

சந்தேகப் பேர்வழி, ரெட்டியார்சத்திரம்
*முப்பத்து முக்கோடி தேவர்களை எண்ணிப் பார்த்தவர் உண்டா?*

எண்ணியவர் திரும்பி வரவில்லை. சைவ சித்தாந்தத்தைக் கேட்டால் பதி ஒன்றே என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். ஒன்றே கடவுள் என்பவர்களிடம் பிதா, சுதன், பரிசுத்த ஆவி பற்றிக் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் கணக்கு வாத்தியாருக்கு வேலை இல்லை.

பெருமாள் பக்தர், தாடிக்கொம்பு
*புண்ணியம் செய்து மோட்சம் போவதா, அவர்கள் சொல்வதுபோல் விசுவாசித்தாலே போதுமா?*

இந்தச் சண்டையை நம் வைணவர்கள் அவர்களுக்கு முன்பே போட்டு முடித்துவிட்டார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி சும்மா கிடந்தால் தாய் கவ்விக்கொண்டு போகும். வடகலை முதல் கட்சி, தென்கலை இரண்டாவது. பிள்ளை லோகாசாரியாரும் வேதாந்த தேசிகரும் எழுதியதெல்லாம் 1517-இல் லூதர் கிளம்புவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு முந்தியவை. விசுவாசமே போதும் என்ற லூதர் பூனைக் கட்சி. அந்தச் சண்டையில் ஐரோப்பா நாடு நாடாகப் பிளந்தது. நாம் நாமம் ஒய்யா, யூவா என்று கோர்ட்டுக்குப் போனதோடு நிறுத்திக்கொண்டோம்.

சரித்திர ஆர்வலர், ஆத்தூர்
*பூணூல் போட்ட பாதிரியார் ஒருவர் இருந்தாராமே, கட்டுக்கதையா?*

நிஜம். ராபர்ட் டி நொபிலி, இத்தாலியப் பிரபு குடும்பம். 1606-இல் மதுரைக்கு வந்தார். காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்து, தத்துவபோதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். சக பாதிரிகளே ரோமாபுரிக்குப் புகார் அனுப்பினார்கள். குடுமி, பூணூல், சந்தனம் எல்லாம் மதமா, வெறும் குல வழக்கமா என்று பல வருடம் வழக்கு நடந்தது. 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி, நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார்.

பாராட்டுவோர் இங்கே நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு உறுத்துவது மீதிக் கதை. மதுரையில் அப்போதே பரதவக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோயில் இருந்தது. நொபிலி அதை விட்டு விலகித் தனியாக இருந்தார். பின்னாளில் மற்ற சாதியினருக்கென்று 'பண்டாரச் சாமிகள்' என்ற தனிப் பிரிவே வந்தது. வேதத்தை இறக்குமதி செய்தவர், சாதியை உள்ளூரிலேயே கொள்முதல் செய்துகொண்டார்.

பெயர் வேண்டாம் என்றவர், ரெட்டியார்சத்திரம் ஒன்றியம்
*மதம் மாறினால் சாதி போகுமா?*

சலுகை போகும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவுக்கே பட்டியல் சாதி அந்தஸ்து. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அப்படி மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள்.

சாதி? நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் தேவாலயத்தைச் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கால் வைத்துக் கட்டினார்கள்; பீடத்தில் நிற்கும் சாமியார் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் தெரிவார். தடுப்பை 1910-இல் இடித்தார்கள். இடித்ததை எதிர்த்துச் சிலர் கோர்ட்டுக்கும் போனார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் மதத்தில் சாதி இல்லை என்று பேச வருகிறவர்களிடம், வேதத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். கோயில்காரர்களிடம் கருவறைக்குள் யார் யார் போகலாம் என்று கேளுங்கள்.

தமிழாசிரியர், பழநி
*கேள்வி-பதில் என்பதே பாதிரிமார் கொண்டுவந்ததுதானே?*

அச்சில் என்றால் அவர்கள் முந்திக்கொண்டார்கள். 1579-இல் கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' குருவும் சீடனும் பேசுவதாகவே போகும். ஆனால் 'உண்மை விளக்கம்' அதற்கு முன்பே ஓலையில் சீடன் கேட்க குரு சொல்லும் வடிவில் இருந்தது. பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்க யாழ்ப்பாணத்தில் துணைநின்ற ஆறுமுக நாவலர், அவர்கள் பாணியையே கையிலெடுத்து 1847-இல் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் வைத்தார், அச்சகம் வைத்தார், பிள்ளைகளுக்குச் 'சைவ வினாவிடை' எழுதினார். எதிராளியின் ஆயுதத்தைப் பிடுங்குவதற்கு முன் அதைத் துடைத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்துகொண்ட புத்திசாலி.

மூத்த குடிமகன், கன்னிவாடி
*கிறிஸ்தவர்கள் பிணத்தை எரிக்கலாமா?*

கத்தோலிக்கர் எரிக்கலாம் என்று 1963-இல் வத்திக்கான் சொல்லிவிட்டது. சாம்பலை ஆற்றில் கரைக்கத்தான் கூடாது. புதைப்பதும் அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. நம் ஊரில் பல சாதிகளில் வழக்கம். சந்நியாசியையும் குழந்தையையும் எரிப்பதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவசரப்படாதீர்கள்.

காதலன், ரெட்டியார்சத்திரம்
*நான் இந்து, அவள் கிறிஸ்தவள். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்தால் போதுமா?*

போதாது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்துக்கு இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். 2008-இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சர்ச்சில் கட்டலாம், 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்கு ஒருவர் கிறிஸ்தவர் என்றால் போதும். கத்தோலிக்கர் என்றால் ஆயரின் அனுமதி வேண்டும். பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே பேசுங்கள். தாலியில் சிலுவையோ புறாவோ இருக்கும்; கட்டுவது நீங்கள்தான்.

யாரும் மதம் மாறாமல், சாமியாரும் ஐயரும் இல்லாமல் முடிக்க 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் பெயரை ஒட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையை யார் படிக்கப்போகிறார்கள் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் சித்தப்பா படிப்பார். அதற்கு முன்னால் இரண்டு வீட்டிலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.