உப்பளத்து டிகிரி

கேள்வி: ஆபீசில் மாடாய் உழைக்கிறேன், பிரமோஷனோ வாய் உள்ளவருக்கே. தனித்துத் தெரிவது எப்படி? – எக்கியார்குப்பம் வாசகர்

பதில்: பக்கத்து மரக்காணம் உப்பளத்தைப் பாருங்கள். சுமார் 3 டிகிரி போமே அடர்த்தியில் பாத்திக்கு வரும் கடல்நீர், வெயிலில் வற்றி 25-ஐத் தொட்டதும் உப்பாகப் பூக்கும். 30-ஐத் தாண்டவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசக்கும். ஆக, நாளெல்லாம் உப்பு வாரப் பலகை இழுப்பது மட்டும் போதாது; அந்தக் கசப்புநீரை எப்போது வடிப்பது என்று தெரிந்த கண்ணும் வேண்டும். "அந்தக் கண்ணுக்கும் அதே கூலிதானே?" என்பீர்கள். நியாயம்தான், பாத்திக்காரர் குவியலைத்தான் பார்க்கிறார், கண்ணையல்ல. அதனால் நீங்கள் லீவு போட்டால் எந்த வேலை கசக்கிறதோ, அதை அப்ரைசலுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். மாடு என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பதவிக்கு உங்களை ஏற்கெனவே நிரந்தரமாக்கிவிட்டார்கள்.