கேஷ் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: தேடிய தரவு கேஷில் இல்லையென்றால், அது வரும்வரை பிராசசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதானா?
– கணினி அறிவியல் மாணவி, காலாப்பட்டு

பதில்: தேவையே இல்லை! கேஷ் என்பது பிராசசருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம். அதில் இல்லாததற்காக இன்றைய பிராசசர் முதன்மை நினைவகம் வரை போய்வர நூற்றுக்கணக்கான கடிகாரச் சுழற்சிகள் கரையும். அந்த நேரத்தை வீணாக்காமல் இருக்க 1981இல் டேவிட் கிராஃப்ட் என்ற பொறியாளர் அருமையான வழி சொன்னார்: கேஷில் இல்லாததைச் சிறு பதிவேட்டில் குறித்துவிட்டு, அடுத்த கோரிக்கையைக் கவனி. உங்கள் ஊர் டீக்கடையில் பால் வாங்க ஆள் அனுப்பிவிட்டு, கடுங்காப்பி கேட்டவரை முதலில் கவனிப்பார்களே, அந்தச் சாமர்த்தியம்தான். அதே பாலுக்கு இரண்டாவது ஆளை அனுப்ப மாட்டார்கள். கேஷும் அப்படியே, நினைவகத்தின் ஒரே தொகுதிக்கு வரும் கோரிக்கைகளை ஒரே குறிப்பில் சேர்த்துவிடும். பதிவேடு நிரம்பினால்தான் தேக்கம். பதிவேட்டைப் பெரிதாக்கலாம், ஆனால் சிப்பில் இடமும் மின்சாரமும் கூடும். கேஷ் வடிவமைப்பை நேரில் பார்க்க வேண்டுமா? சென்னை ஐஐடியின் 'சக்தி' பிராசசர் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதன் கேஷ் பகுதியை இந்த விடுமுறையில் அவசியம் படியுங்கள்.