பனிக்காட்டுக் குருவிப் படலம்

பூஜ்யரான மாமா அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் சகலரும் க்ஷேமம்; திருப்பாச்சூரில் தங்கள் எல்லோருடைய க்ஷேமத்துக்கும் வாசீஸ்வரர் கிருபை செய்வாராக.

"கனடாவுக்குப் போய் நாலு காசு சேர்ப்பாய் என்றிருந்தால், உறைபனியில் நின்று குருவி பிடிக்கிறாயாமே" என்று தாங்கள் எழுதியிருந்ததை என் சம்சாரம் வீடு அதிரப் படித்துக் காட்டினாள்; அவள் அதை மனப்பாடம் செய்துவிடுமுன் சமாதானம் எழுதிவிடுவது உசிதமென்று தோன்றிற்று. நான் பிடிப்பது குருவியை அல்ல, மாமா, படத்தை.

டொரோண்டோவுக்குக் கிழக்கே விட்பி என்னும் ஊரில், ஒன்டாரியோ ஏரிக்கரையை ஒட்டி, லிண்ட் ஷோர்ஸ் என்றொரு வனம் இருக்கிறது. அங்கே சூரியகாந்தி விதையை உள்ளங்கையில் ஏந்தி மரம்போல் நின்றால், கறுப்புக் குல்லாயும் கறுப்புத் தாடியும் தரித்த சிக்கடி என்னும் சிறு பட்சி விரல் நுனியில் வந்தமர்ந்து, வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கும் நம் அத்தையைப் போல, ஒரு விதையைத் தூக்கிப் பார்த்துக் கீழே எறிந்து, கனமான மற்றொன்றைக் கவ்விக்கொண்டு போய்விடும். அபாயம் நெருங்கினால் அது "டீ, டீ" என்று கூவும். அபாயம் பெரிதாகப் பெரிதாக "டீ"க்களும் பெருகும் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் திருவள்ளூர் ரயிலடி ஞாபகம் வந்து நாக்கு வறள்வது வேறு விஷயம்.

காமிராவுக்கும் பனிக்கும் ஜன்மப் பகை. எங்கும் வெண்மையாக இருக்கும் காட்சியைக் கண்டதும், 'இவ்வளவு வெளிச்சம் உலகத்தில் இருக்க நியாயமில்லை' என்று தானே தீர்மானித்து, பனியைச் சாம்பலாகவும் பட்சியைக் கரித்துண்டாகவும் பதிந்துவைப்பது அந்த யந்திரத்தின் சுபாவமாதலால், அது சொல்லும் அளவுக்கு மேல் ஒன்று ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைக் கூட்டியே எடுக்க வேண்டும். குளிரில் பாட்டரி சோர்ந்துவிடும் என்பதால் உபரி பாட்டரியை ஸ்வெட்டருக்குள் மார்போடு அணைத்து வைத்திருக்கிறேன். (பெற்ற பிள்ளைக்கும் இந்த உபசாரம் நடந்ததில்லை என்பது சம்சாரத்தின் அபிப்பிராயம்.) வீடு திரும்பினாலோ, காமிராவைப் பிளாஸ்டிக் பையில் இறுக மூடி, உள்ளே சூடு ஏறும்வரை திறவாமல் காக்க வேண்டும், அவசரப்பட்டால் அறைக்காற்றின் ஈரம் லென்ஸின்மேல் வியர்வையாய்ப் பூத்துவிடும்.

இத்தனை கவசங்களோடு நான் நடுங்கி நிற்க, என் எதிரே பன்னிரண்டு கிராம்கூடத் தேறாத அந்த ஜீவன் இறகைப் பந்தாக உப்பிக்கொண்டு சௌக்கியமாக வீற்றிருப்பதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. பகலில் ஏறக்குறைய 42 பாகையாக இருக்கும் தேக உஷ்ணத்தை, கடுங்குளிர் இரவுகளில் 30 பாகையளவுக்குத் தானாகவே தாழ்த்தி, சேர்த்த கொழுப்பைச் சிக்கனமாக எரித்து, விடிந்ததும் மறுபடி ஏற்றிக்கொள்கிறதாம். விதைகளையும் ஒரே இடத்தில் குவிக்காமல், மரப்பட்டை இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்துவைத்து, வாரக்கணக்கில் இடம் மறவாமல் தேடி எடுக்கிறது. இங்கே ஹீட்டர் ஒரு ராத்திரி நின்றுபோனபோது நான் போட்ட கூச்சலை நினைத்தால், யாருக்கு ஆறறிவு என்ற சம்சயம் உண்டாகிறது.

இது வேலையற்றவன் வேலை என்று தாங்கள் நினைக்கலாகாது. 1900இல் கிறிஸ்துமஸ் தினத்தன்று, பட்சிகளைச் சுடுவதை விட்டு எண்ணுவோம் என்று ஃபிராங்க் சாப்மன் தொடங்கிய முதற் கணக்கெடுப்பிலேயே டொரோண்டோ சேர்ந்திருந்தது. நம்மவரில் மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் காலமாகும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் காட்டுயிர்களைப் பற்றி எழுதியதோடு, கறுப்பு வெள்ளையில் அவற்றைப் படமும் பிடித்து, பத்மஸ்ரீயும் பெற்றார். அவருக்கு மூக்கு உறைந்ததாகத் தெரியவில்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

படம் ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாசி முடிவதற்குள் தாங்கள் ஒருமுறை பூண்டி ஏரிக்கரைக்கோ, பழவேற்காட்டில் பூநாரைகள் இறங்கும் இடத்துக்கோ போய், அங்கவஸ்திரத்தோடு சுகமாக நின்று பார்த்துவிட்டு, என்னென்ன பட்சிகளைக் கண்டீர்கள் என்று விவரமாக எழுத வேண்டும். அத்தையையும் அழைத்துச் செல்லவும்.

இப்படிக்குத் தங்கள் பிரியமுள்ள
மருமான்