வாய் பொத்தி வாசிக்கும் வட்டம்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் வாசிப்பு வட்டம் தொடங்க முதலில் வேண்டியது சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு சுவர். பஜார் ரோட்டில் ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் அடுக்கியிருந்த பாண்டிகசாலைகள், மூட்டை போய் ஓவியம் வந்த பிறகு, இதற்கென்றே காத்துக் கிடக்கின்றன. நாலு பிரம்பு நாற்காலி, ஒரு மஞ்சள் பல்பு, நாக்கில் நுழையாத பெயருள்ள காப்பி. புத்தகத்தை யாராவது கொண்டுவருவார்கள். அட்டை வெளியே தெரியப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

இதன் புதிய அவதாரம் மௌன வாசிப்பு. பெங்களூரு கப்பன் பூங்காவில் கிளம்பி ஊர் ஊராகப் பரவிய பழக்கம். மரத்தடியில் பாய் விரித்து அவரவர் புத்தகத்தை அவரவர் படித்து, கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு படம். கட்டணம் இல்லை, யாரும் வரலாம், ஒரு மணி நேரம் கைப்பேசியைத் தொடாமல் இருப்பதே புண்ணியம் என்பார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் ஒரு உள்துறைச் செயலாளரை உட்காரவைத்து, ‘உங்களுக்கு எப்படிப்பட்ட வாசகர் வேண்டும்?’ என்று கேட்டால், அவர் இதைத்தானே வரைந்து காட்டுவார்? பொது இடத்தில் ஐம்பது பேர் கூடியிருக்கிறார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. தடையுத்தரவு போடுகிற செலவு மிச்சம்.

சேர்ந்து படிப்பது எப்போதும் இத்தனை சாதுவாக இருந்ததில்லை. 1865இல் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலையில், தொழிலாளிகள் தங்கள் கூலியில் பங்கு போட்டு ஒருவரை உரக்கப் படிக்க வைத்தார்கள். மறு வருஷமே ஸ்பானிய ஆளுநர் அதைத் தடை செய்தார். கண்ணூர்ப் பீடிக் கம்பெனிகளிலும் இதே ஏற்பாடுதான். ஒருவர் படிப்பார், அவர் பங்குப் பீடியையும் மற்றவர்கள் சேர்த்துச் சுற்றுவார்கள். பேப்பர் வந்தது, நாவல் வந்தது, நடுவில் வாக்குவாதம் வந்தது, பின்னாலேயே சங்கமும் வந்தது. நம் பக்கத்தில் சலூனிலும் டீக்கடையிலும் திராவிட இயக்கப் படிப்பகங்களிலும் ஒருவர் படிக்க, நாலு பேர் கேட்டார்கள். எழுத்தே அறியாதவர்கள்கூட மறுநாள் தலையங்கத்தோடு மல்லுக்கு நின்றார்கள். அட்டையைத் தூக்கிக் காட்ட அவர்களுக்கு நேரமில்லை.

அதிகாரத்துக்கு நூலகத்தின்மேல் பெரும்பாலும் கோபம் இருந்ததில்லை. 1945 செப்டம்பரில், பி. என். பணிக்கரின் முயற்சியில், அம்பலப்புழையில் 47 நூலகங்கள் சேர்ந்து திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் உருவானது. தொடங்கி வைத்தவர் திவான் சி. பி. ராமசாமி ஐயர், நம்மூர்க்காரர்தான், பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பதின்மூன்று மாதம் கழித்து, 1946 அக்டோபரில், அதே அம்பலப்புழைத் தாலுகாவின் புன்னப்பிராவிலும் வடக்கே வயலாரிலும் கயிற்றுத் தொழிலாளர்களை அதே திவானின் படை சுட்டுத் தள்ளியது. நூலகம் வேண்டும், அதில் படித்துவிட்டு எழுந்து நிற்கிறவன் வேண்டாம். இந்தக் கொள்கையை அதற்குப் பின் வந்த ஆட்சிகளும் கைவிடவில்லை. துப்பாக்கிச் செலவைத்தான் குறைத்துக்கொண்டார்கள்.

மட்டாஞ்சேரிக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. கொச்சித் துறைமுகத்தில் வேலை கொடுத்த முறைக்குச் சாப்பா என்று பெயர். விடியற்காலையில் கூடி நிற்கும் கூலிகள் நடுவே மூப்பன் உலோக வில்லைகளை விட்டெறிவான். மண்டை உடைந்தாலும் ஒன்றைப் பிடித்தவனுக்கு அன்று சோறு. அந்த முறையை எதிர்த்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆன்டணி என்று மூன்று பேரின் உயிர் அந்தப் போராட்டத்தில் போனது. 2023இல் ராஜீவ் ரவி இதை ‘துறமுகம்’ என்று படமாக்கினார். இனி பாண்டிகசாலை வட்டங்களில் சாப்பாவைப் பற்றி மனமுருகப் பேசத் தடையில்லை. முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். இருபது பேருக்குத்தான் இடம். இப்போது எறியப்படுவது க்யூஆர் கோடு. பிடித்தவர் உள்ளே உட்கார்ந்து தொழிலாளர் வரலாற்றைப் பற்றிக் கண் கலங்குகிறார். பிடிக்காதவர் வெளியே மூட்டை தூக்குகிறார்.

2017 ஜூன் 17. கொச்சி மெட்ரோவைத் திறந்துவைத்த கையோடு, பிரதமர் மோடி அதே நகரத்தில் பணிக்கர் பெயரிலான வாசிப்பு மாதத்தையும் தொடங்கி வைத்தார். பூங்கொத்துக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்றார். தமிழ்நாட்டு மேடைகளிலும் பொன்னாடை இருந்த இடத்துக்குப் புத்தகம் வந்துவிட்டது. எல்லாக் கட்சிக்கும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்று உண்டென்றால் இதுதான்: புத்தகம் கைமாறலாம், திறக்கப்படக் கூடாது. பூங்கொத்துக்காவது மறுநாள் வாடுகிற நேர்மை இருந்தது.

உயிர்த்துடிப்புள்ள வட்டமே நம்மிடம் இல்லை என்று சொன்னால் பாவம். திருச்செங்கோட்டைப் பாருங்கள். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வந்தது 2010இல். நாலு வருஷம் யாரும் புண்படவில்லை. 2014 கடைசியில் அதன் சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து ஊருக்குள் விநியோகித்தார்கள். எந்த நூலகராலும் முடியாததை ஜெராக்ஸ் மெஷின் முடித்தது. ஊர் கூடிப் படித்தது, புத்தகத்தை எரித்தது, கடையை அடைத்தது. 2015 ஜனவரியில் அதிகாரிகள் ‘அமைதிப் பேச்சு’ நடத்தி எழுத்தாளரிடம் எழுதி வாங்கினார்கள். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் படிக்க வேண்டாத வட்டத்துக்கு உறுப்பினர் பஞ்சமே கிடையாது. கேரளமும் சளைத்ததில்லை. 2018இல் எஸ். ஹரீஷின் ‘மீச’ மாத்ருபூமி வார இதழில் மூன்று வாரம் வந்திருக்கும்; ஒரு பாத்திரம் பேசிய பேச்சைப் பிடித்துக்கொண்டு எழுத்தாளரின் குடும்பம்வரை மிரட்டினார்கள், தொடர் நின்றது. இரண்டு நாவலுக்கும் கடைசியில் துணை நின்றவை நீதிமன்றங்கள். அந்த மாதங்களில் அந்த நாவல்களை நடுவில் வைத்து ஊரைக் கூட்டி முழுசாகப் படித்த பொது நூலகங்கள் எவை? தெரிந்தவர்கள் கை தூக்கலாம்.

இத்தனைக்கும் சட்டம் இருக்கிறது. சென்னை மாகாணம் 1948இலேயே சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டத்தைப் போட்டது. கேரளம் 1989இல் போட்டது. அங்கே நூலகங்களுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் பிரித்து மானியம் தருகிறார்கள். எத்தனை நிகழ்ச்சி நடந்தது என்று ஏட்டில் ஏறும். எத்தனை வாக்குவாதம் நடந்தது என்று எழுத அதில் கட்டம் கிடையாது. 1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அதே மாவட்டத்து ஃபோர்ட் கொச்சி டோபி கானாவில், டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துச் சீருடை வெளுக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் துணி வெளுக்கிறார்கள். பாரம்பரிய நடைக்கு வருகிறவர்கள் அவர்களைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். படமெடுத்தவர்கள் சாயங்காலம் வாசிப்பு வட்டத்துக்குப் போவார்கள். படத்தில் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருக்கும்.

நூலகத்தின்மேலேயே கை வைத்த கதையும் உண்டு. சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, மறு வருஷமே குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப் போகிறோம் என்று ஓர் அரசு அறிவித்தது. நூலகம் தப்பியது வழக்குப் போட்டவர்களாலும் நீதிமன்றத் தடையாலும்தான். புத்தகம் கொடுத்து வரவேற்கிற பண்பாடு அங்கே துரும்பைக்கூடக் கிள்ளிப்போடவில்லை.

சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். கேரளத்தில் அந்த வரியின்மேல் நூற்றுக்கு ஐந்து, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்து, நூலகத்துக்கென்றே தனியாக வாங்குகிறார்கள். வாடகைக் குடித்தனக்காரனும் வாடகையோடு சேர்த்து அதைக் கட்டுகிறான். வசூலித்த உள்ளாட்சிகள் நூலகத்துக்கு அதைச் செலுத்தாமல் பாக்கி வைப்பது, தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. பணிக்கர் இறந்த நாளான ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாள். அடுத்த முறை மேடையில் அமைச்சர் கையில் புத்தகம் கொடுக்கிற நேரத்தில், வட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து அந்த ரசீதை உரக்கப் படிக்கட்டும். மைக்கை எத்தனை நொடியில் அணைக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.