மாவடு பட்ட பாடு

பாரிஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

"கொடுத்தனுப்பின மாவடுவைப் பற்றி வகுப்பில் என்ன சொன்னார்கள்?" என்று அம்மா நாலு தடவை கேட்டாளாம். இந்தக் கடிதத்தை முதலில் நீ மட்டும் படி. எதை வாய்விட்டுப் படிக்கலாம் என்று அப்புறம் முடிவு செய்துகொள்.

பிரெஞ்சு வகுப்பில் ஆளுக்கொரு தின்பண்டம் கொண்டுவந்து நாலு வாக்கியம் பேச வேண்டும் என்றார்கள். மாவடுவோடு போனேன். கெட்டுப்போகாமலிருக்க மருந்து கிருந்து எதுவும் சேர்க்காதது என்று பெருமையடிக்க ஆசை. இங்கிலீஷ் வார்த்தையை மூக்கால் சொன்னால் பிரெஞ்சு ஆகிவிடும் என்பது என் சித்தாந்தம். "என் அம்மா ப்ரெசெர்வதீஃப் உபயோகிப்பதே இல்லை" என்று அடித்துவிட்டேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஊறுகாயில் போடுவதற்கு இங்கே 'கொன்செர்வத்தர்' என்று பெயராம். நான் சொன்னது, நம் அரசாங்கம் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் போட்டு இலவசமாக வழங்கின சமாசாரம். அத்திம்பேரைக் கேள், சொல்வார். நாம் ஐந்து பேர் பிறந்த வீட்டில் நான் சொன்னது பொய்யும் இல்லை.

வார்த்தைதான் இப்படி என்றால், இலக்கணம் அதற்கு மேல். ஆண்பால் பெண்பாலை நாம் உயர்திணையோடு நிறுத்திக்கொண்டோம். மேசையும் புத்தகமும் அஃறிணை, நிம்மதி. இங்கே மேசை பெண், 'லா' போட வேண்டும். அதன் மேலிருக்கும் புத்தகம் ஆண், 'லு'. மீசை? பெண்! தாடியும் பெண்! அப்பாவிடம் சொல்லாதே, இந்த வயதில் மழித்துக்கொண்டு நிற்பார். சட்டைக்கு 'ஷ்மீஸ்' என்று பெயர். நம் வீட்டில் ஷிம்மீஸ் என்றால் நீ கவுனுக்குள் போட்டுக்கொண்டது. இங்கே ஆண்கள் அதைத்தான் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறார்கள். ஆண்கள் போடும் 'ஷ்மீஸ்' பெண்பால், பெண்கள் போடும் 'ஷ்மீஸியே' ஆண்பால். அலமாரியைத் திறக்கவே பயமாக இருக்கிறது. அதுவும் பெண்பால்.

அப்பா நாற்பது வருஷம் செம்பூர் ஸ்டேஷனில் "காடி ஆயா" என்றுதான் சொன்னார். ஹிந்தியில் வண்டி பெண், "ஆயீ" என்றிருக்க வேண்டும். அதற்காக எந்த லோக்கலும் கோபித்துக்கொண்டு நிற்காமல் போகவில்லை. தப்பும் தவறுமாகப் பேசியே பிழைக்கவிட்ட ஊர் அது. இங்கே ரொட்டிக்கடை அம்மாள்கூட என் 'லா'வை 'லு' என்று திருத்திவிட்டுத்தான் ரொட்டியை நீட்டுகிறாள். ரொட்டிக்குப் பெயர் கிட்டத்தட்ட 'பேன்'. தினமும் காலையில் பேன் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் உளறிவைக்காதே.

லா ஷப்பேலில் மளிகைக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் அதையே 'பாண்' என்கிறார். நம் வடாபாவின் 'பாவ்', அவருடைய 'பாண்' இரண்டும் போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. இவர்களுடைய 'பேன்' அதற்குப் பங்காளி. அவரிடம்தான் எண்களைப் பற்றிப் புலம்பினேன். 80க்கு இவர்கள் 'நாலு இருபது' என்கிறார்கள். 97 என்றால் 'நாலு இருபது, பத்து, ஏழு'. பெருக்கிக் கூட்டி முடிப்பதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, எங்கட தொண்ணூறுக்குள்ள நூறு எப்பிடி வந்தது?" என்றார். பருப்பை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

ஒரே ஒரு தடவை முழு மார்க் வாங்கினேன். பசியைக்கூட "நான் பசி வைத்திருக்கிறேன்" என்று சொல்கிறவர்கள், ஒருவரை நினைத்து ஏங்குவதை மட்டும் "அவர் எனக்கு இல்லாமலிருக்கிறார்" என்று திருப்பிப் போடுகிறார்கள். அமெரிக்கப் பையன், ஆஸ்திரேலியப் பெண் எல்லோரும் 'நான்' என்று ஆரம்பித்துத் தப்பு செய்தார்கள். எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கிறது என்றே வளர்ந்தவனுக்கு இது ஒரு கஷ்டமா? அம்மாவை முதலில் போட்டேன், என்னைப் பின்னால் போட்டேன். சரி என்றார் டீச்சர். அந்த வாக்கியத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

மாவடு அமோகம் என்று சொன்னார்கள் என்றும் சொல். ஜாடி காலி. யாராவது வந்தால் இன்னொன்று கொடுத்தனுப்பு. ஜாடி ஆண்பால்.

உன் அன்புத் தம்பி